அஞ்சாப்பு நான்தான்

முதலில் ஒரு மன்னிப்பு. உங்களிடம் இல்லை — நீங்கள் அச்சில் படிப்பதால் தப்பித்துவிட்டீர்கள். என் தாளைப் பார்த்து டைப் செய்கிற பத்திரிகை ஆபீஸ் தங்கச்சியிடம். என் கையெழுத்து வழக்கமாகவே கோழி கிளறிய மண் மாதிரிதான் இருக்கும். இந்த வாரம் அவசரமாக வேறு எழுதுகிறேன். எந்த 'ற' எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ தெரியாது. திட்டிக்கொண்டே திருத்திவிடம்மா.

என்ன அவசரம்?

போன வாரம் நான் என்னையே நேரில் சந்தித்தேன்.

என்னைவிட நன்றாகவே இருந்தேன். நல்ல உயரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பேனா. பேச்சில் திக்கல் இல்லை, தயக்கம் இல்லை. நாமக்கல்லில் நான் தினமும் மதியம் சாப்பிடுகிற மெஸ்ஸில், எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அஞ்சாப்புங்கறது நான்தானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது இலையைத் தாண்டி மேசையில் ஓடியது.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியின் தலையில் போடுகிற 'அஞ்சாப்பு' என் புனைபெயர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதையே பெயராக வைத்துக்கொண்டேன். பிழைப்புக்கு, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். இதை எழுதுவது நான்தான் என்று என் மனைவிக்குத் தெரியும். ஆசிரியருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

ஏன் மறைத்தேன்? நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பட்டறையிலும் முகமூடிக்குப் பின்னால் இருந்துதான் வேலை. எழுத்திலும் அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெஸ் நடத்துவது சரோஜாக்கா. முன்னால் மெஸ், பின்னால் வீடு. ஞாயிற்றுக்கிழமை இந்த இதழை வாங்கி, திங்கட்கிழமை மதியம் சாப்பிட வருகிற பட்டறை ஆட்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். என் பத்தியை என் முன்னாலேயே படிப்பார். கருத்தும் உண்டு. "இந்த வாரம் ரொம்ப இழுத்துட்டாருங்க" என்பார். "பாவம், இந்தாளு ஊட்டுல நல்லா ஏச்சு வாங்குவாரு போல" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு மோர் குடிப்பேன். உள்ளதைச் சொல்கிறேன் — எந்த மேடையும், எந்தப் பொன்னாடையும் அந்தச் சுகத்தைத் தராது.

அந்த இடத்தில்தான் இன்னொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் வேண்டுமென்றுதானே இத்தனையும் செய்கிறார்? வெள்ளைச் சட்டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் எழுத்தைப் பற்றிப் பேச வரவில்லை. காயின் விற்க வந்திருந்தார். கையில் தொட முடியாத, போனுக்குள்ளேயே இருக்கிற காயின்.

"பிட்காயின்னு கேள்விப்பட்டிருப்பீங்களே அக்கா? அதக் கண்டுபுடிச்சவரு யாருன்னு ஒலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆளுங்க அவரு! வெளிநாட்டுல ஒளிஞ்சிருக்காரு. இப்பப் புதுசா ஒரு காயின் வுடறாரு. மொதல்ல நம்ம ஊருக்காரங்களுக்கு மட்டும்."

"ஏனுங்க, அத நான் எப்படி நம்பறது?" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான்.

"வாரா வாரம் படிக்கறீங்கள்ல? இந்த அஞ்சாப்பு உங்ககிட்ட என்னிக்காச்சும் பொய் சொல்லியிருக்கானா?"

அக்கா கரண்டியோடு நின்று யோசித்தார். "இல்லீங்க" என்றார்.

முடிந்தது. இத்தனை காலம் பொய் எழுதாமல் நான் சேர்த்து வைத்திருந்ததை, அவர் ஒரே வாயில் அடமானம் வைத்துவிட்டார்.

ரசம் ஊற்ற வந்தபோது அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "போடறதுக்குப் பணம் ஏதுங்க அக்கா?"

"இந்த எடந்தான் சாமி. ஊட்டோட சேத்து வித்துப்போட்டு அதுல போடறேன். வாங்க ஆளக்கூட அவரே கூட்டியாந்துட்டாரு. மாசாமாசம் வந்துட்டே இருக்குமாம். எத்தன வருசந்தான் அடுப்புல நின்னு வேகறது? முட்டி ரெண்டும் போச்சு."

முட்டிக்கு என்ன பதில் சொல்வது? அவர் பேராசை பிடித்தவர் இல்லை. மாளிகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. கொஞ்சம் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். உட்கார ஆசைப்படுகிறவரைத்தான் இந்த மாதிரி ஆட்கள் சரியாகக் கண்டுபிடித்து வருகிறார்கள்...

மெஸ்ஸுக்கு அடுத்தது பஷீர் பாயின் செல்போன் கடை. ரீசார்ஜ் செய்கிற சாக்கில் போனேன்.

"பாய், இந்தப் பிட்காயினக் கண்டுபுடிச்சவரு..."

"உங்ககிட்டயும் வந்துட்டாரா அண்ணே, அந்த வெள்ளச் சட்ட?" பாய் சிரித்தார். "என்கிட்டயும் வந்தாரு. திருச்செங்கோட்டுல எந்தத் தெருன்னு கேட்டேன். டீ சொல்லியும் குடிக்காமப் போயிட்டாரு."

பாய் சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஜப்பான்காரர் பெயர் மாதிரி ஒரு பெயரில் ஒருவர் இன்டர்நெட்டில் வந்தார். இப்படி ஒரு பணம் செய்யலாம் என்று எழுதிப் போட்டார். செய்தும் காட்டினார். கொஞ்ச காலம் கூட இருந்தவர்களோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றுபோனது. ஒருவரா, நாலு பேரா, ஆணா, பெண்ணா — இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் அவர் சேர்த்ததாகச் சொல்கிற காயின்களெல்லாம் அப்படியே கிடக்கின்றனவாம். தொடக்கூட இல்லை!

ஒரு பெயர் காலியாகக் கிடந்தால் சும்மா விடுவார்களா? "நான்தான் அது" என்று ஆட்கள் கிளம்பினார்கள். ஒருவர் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு கோர்ட்டு வரைக்கும் போனார். எல்லாவற்றையும் கேட்ட நீதிபதி, இவர் அவர் இல்லை என்று சொல்லிவிட்டார். இன்னொரு பக்கம், "நீதானே அது?" என்று பத்திரிகைக்காரர்கள் போய்ப் பிடித்த ஆட்கள், "ஐயோ, நான் இல்லை" என்று ஓடுகிறார்கள். ஆமாம் என்கிறவரையும் நம்ப முடியவில்லை, இல்லை என்கிறவரையும் நம்ப முடியவில்லை. நல்ல கூத்து!

"இத்தன பாடு எதுக்குங்க அண்ணே?" என்றார் பாய். "மொத ஆளுகிட்ட ஒரு சாவி இருக்கும். கம்ப்யூட்டர் சாவி. ஏதாச்சும் ஒரு வரி எழுதி, அந்தச் சாவியால ஒரு முத்திர வெச்சாப் போதும். ஒலகமே சரிபாத்துக்கும். காயிதம் காட்டறான், சாட்சி காட்டறான்... அந்த ஒண்ண மட்டும் இதுவரைக்கும் ஒருத்தனும் சரியா செஞ்சு காட்டலீங்க."

பட்டறைக்குத் திரும்பி நடக்கும்போது அந்தப் பெயரில்லாத மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் வெளியே வரவில்லை என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவரும் எங்கோ ஒரு மெஸ்ஸில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்து மேசையில் தன்னைப் பற்றி அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இருக்கட்டும். அது அவர் சௌகரியம்.

ஆனால் அவர் பெயரைச் சொல்லி ஒரு அக்காவின் வீட்டை ஒருவர் விற்க வைக்கிறார், அதுவும் அவருக்கு எதிர் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு என்றால்? அப்போதும் மோர் குடித்துக்கொண்டிருக்கலாமா?

வீட்டில் சொன்னேன். மனைவி சட்டென்று சொன்னாள்: "போயிச் சொல்லிப்போட்டு வாங்க."

"பட்டறையில கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும். அந்தக்காவுக்கு ஊடு போறதவிட உங்களுக்கு மானம் போறது பெருசாங்க?"

இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம். மெஸ் நிறைய ஆள். வெள்ளைச் சட்டைக்காரர் வந்திருந்தார். நான் சாப்பிட உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அஞ்சாப்பு இவரு இல்லீங்க. நான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பட்டறை பெயின்டர் மணி ஆரம்பித்தான். "ஏண்ணா, வெல்டிங் பொக கண்ணுக்குத்தான் போகும்னு நெனச்சேன். மூளைக்கும் போயிருச்சா?" மெஸ்ஸே சிரித்தது.

அக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களா சாமி? ரசம் வேணும்னாக்கூட வாயத் தொறக்க மாட்டீங்க. கையத்தான காட்டுவீங்க!"

"ஆசிரியருக்குப் போன் போட்டுத் தாரேன், பேசுங்க அக்கா."

வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கோபமே வரவில்லை. அன்பாகப் பேசினார். "போன்ல யாரு வேணும்னாலும் ஆசிரியர்னு பேசலாமுங்களே. பாவம், என்னோட ரசிகருங்க. இப்படி நெறயப் பேரு கெளம்பறாங்க." ஃபைலை எடுத்து விரித்தார். என் பத்திகள்! வெட்டி, ஒட்டி, லேமினேட் செய்து வைத்திருந்தார். நானே அப்படி வைத்திருக்கவில்லை. அக்கா கேட்கக் கேட்க, எந்த வாரம் எதை எழுதினேன் என்று மடமடவென்று சொன்னார். என்னைக் கேட்டபோது எனக்குப் பாதி மறந்துவிட்டது. எழுதினவனுக்கு மறக்கும். திருட வந்தவர்தான் மனப்பாடம் செய்துகொண்டு வருவார் — ஆனால் இதை அப்போது சொல்லத் தோன்றவில்லையே!

அக்கா கல்லாவுக்கு மேலே இருக்கிற முருகன் படத்துக்கு முன்னால் போனார். தட்டில் ஒரு கட்டி கற்பூரம் வைத்துக் கொளுத்திக்கொண்டு வந்தார்.

"எனக்குப் படிப்புக் கெடயாதுங்க. அணச்சுச் சொல்லுங்க. நம்பிக்கறேன்."

எங்கள் பக்கம் எந்த வழக்கு முற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சொன்னது உண்மை என்று சொல்ல வேண்டும். பொய்யென்றால் குடும்பம் விளங்காது. அதனால் பொய் சொன்னவன் கை வைக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

வெள்ளைச் சட்டைக்காரர் பட்டென்று அணைத்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா இன்னொரு கட்டியைக் கொளுத்தி என் பக்கம் நீட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் உண்மைக்கும் கற்பூரம் அணைக்கமாட்டோம். சாமிக்கு ஏற்றியதை அடித்து அணைப்பதே தப்பு என்பது எங்கள் வழக்கம். ஒரு வரப்புத் தகராறில் என் அப்பாவை அணைக்கச் சொன்னார்கள். வரப்பை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் மகன் எனக்கு மட்டும் அணைக்கக் கை வருமா?

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

"பரவாயில்ல சாமி. போயிச் சோறு உண்ணுங்க" என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்தார். அதுதான் சுட்டது.

வழக்கமான நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாக... இல்லை, சத்தியம் வேண்டாம். உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அன்று உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்த இடம் போய்விடும் என்று தெளிவாகத் தெரிந்தது.

"அக்கா, என்ன நம்ப வேண்டாமுங்க. அவரயும் நம்ப வேண்டாம். நீங்க ஒரு வரி சொல்லுங்க. என்ன வரியா இருந்தாலும் சரி. வர ஞாயித்துக்கெழம பேப்பர்ல, அந்தப் பத்தியில அந்த வரி வரும். பத்திய எழுதறவனாலதான அது முடியும்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பஷீர் பாய் எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, விட்றாதீங்க! சாவியக் கேக்கறதுன்னா இதுதான். கற்பூரம் ரெண்டு பேரு கையிலயும் அணையும். சாவி ஒருத்தருகிட்டதான் இருக்கும்."

வெள்ளைச் சட்டைக்காரர் முதல் தடவையாகச் சட்டைக் காலரைத் தளர்த்தினார். "இந்த வாரத்துக்கு எழுதிக் குடுத்துட்டேனுங்களே. அடுத்த வாரம் வேணும்னா போடறேன்."

"அடுத்த வாரம்னா எப்படிங்க?" என்றார் அக்கா. "வர திங்கக்கெழம பத்திரம் பதிஞ்சு முடிஞ்சுருமே."

"சாமி மேல சத்தியம் பண்ணினதுக்கப்பறமும் சோதிச்சா, அது சாமி குத்தமுங்க."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க உள்ள வாங்க."

எனக்கே தோன்றாத ஒன்றை அக்கா செய்தார். இருவருக்கும் ஒரே வரியைச் சொல்லவில்லை — சொன்னால், வந்த வரியை இருவருமே தன்னுடையது என்பார்களே. முதலில் அவரைச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னார். வெளியே வந்தவர் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அடுப்பில் கூட்டு கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டிக்கொண்டே ஒரு வரி சொன்னார். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"வரலீன்னா என்னக்கா பண்ணுவீங்க?" என்றேன்.

"வரலீன்னா போயிக் கையெழுத்துப் போட்டுருவேன் சாமி. பேசின பேச்சு மாறமாட்டேன். திங்கக்கெழம கட இல்லீன்னு எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு."

சாயங்காலம் ஆசிரியருக்குப் போன் செய்தேன். அவருக்கு வருத்தம். "அஞ்சாப்பு யாருன்னு தெரியாம இருக்கறதுலதானய்யா ருசியே இருக்கு! அத நீங்களே ஒடைக்கலாமா? வேணும்னா அந்த ஒரு வரிய மட்டும் எங்கயாவது நுழைச்சிடறேன்."

"வேண்டாமுங்க சார். நடந்தது முழுசா வரணும். அவரு வேற ஊர்ல வேற மெஸ்ஸுக்குப் போவாரு. அங்கயும் ஒரு அக்கா படிக்கட்டும். ஒரு வரி வெட்டினாலும் நான் இனிமேல் எழுதலீங்க."

என் வாயிலிருந்தா இது வந்தது? அவருக்கும் அதே ஆச்சரியம்தான் போல. பிறகு, "வியாழக்கிழமைக்குள்ள அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாளாக என்னைப் பட்டறையில் "எழுத்தாளரே, கொஞ்சம் வெல்டிங் ராடு எடுங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எடுத்துக்கொடுக்கிறேன். மானம் ஒன்றும் பெரிதாகப் போய்விடவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "நான்தான் அவர்" என்று யார் வந்தாலும், காகிதத்தையும் கற்பூரத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, அவரால் மட்டும் முடிகிற ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லுங்கள். செய்யாமல் வெறும் பேச்சு பேசினால் வாசலைக் காட்டுங்கள்.

சரி, செய்தே காட்டிவிட்டார் என்று வையுங்கள். அதற்கும் அவர் விற்கிற காயினுக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கு நானே வந்து, "நான்தான் அஞ்சாப்பு, இதில் பணம் போடுங்கள்" என்று சொன்னால், அன்றைக்கு என்னையும் துரத்துங்கள் அக்கா. லாரிக்கு வெல்டிங் வைக்கத் தெரிந்தவன் என்பதற்காகக் கோழிப்பண்ணைக்கு ஊசி போட என்னைக் கூப்பிடுவீர்களா? யார் என்று தெரிந்துவிட்டாலே அவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா?

முட்டி வலிக்கு என்னிடம் மருந்து கிடையாது. உட்கார்ந்தபடியே கிண்டுகிற உயரத்துக்கு ஒரு இரும்பு மேடை அடித்துத் தருகிறேன். அளவு எடுத்துவிட்டேன். பெயின்ட் அடிப்பது மணியின் பொறுப்பு — சிரித்ததற்கு அபராதம்.

அக்கா, படித்துக்கொண்டிருக்கிறீர்களா? வெள்ளைச் சட்டைக்காரர் காதில் நீங்கள் என்ன சொன்னீர்களோ, எனக்குத் தெரியாது. அது இந்த இதழில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. என் காதில் சொன்னது இது:

சரோஜா கடையில திங்கக்கெழமையும் அடுப்பு எரியும்.

— அஞ்சாப்பு
ஐப்பசி 13, வியாழக்கிழமை